பட்டுவாடா யார் கையில்?
ஜான்சனின் 'மகத்தான சமுதாயம்' பற்றி ஒரு பேச்சு

(மாணவர் படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அமெரிக்கக் கறுப்பு மக்களின் போராட்டம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ், சிறுத்தைகள் - இந்தப் பேருங்க இங்க யாருக்கும் புதுசு இல்ல. ஆனா அந்தப் போராட்டத்துக்கு எதிரே நின்ன, சில சமயம் பக்கத்துல வந்தும் நின்ன ஒரு அரசு இருக்கே, அதைப் பற்றி நமக்குத் தெரிஞ்சது ஒரே வரிதான்: அது ஏகாதிபத்திய அரசு. சரிதான், மறுக்கல. ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, தென்மாநிலத்து ஊர் ஒன்றில் ஒரு கறுப்புக் கிழவி 1966 ஜூலையில் முதன்முறையாக ஆஸ்பத்திரியின் முன்வாசல் வழியாக உள்ளே போக முடிந்தது எப்படி என்று விளக்க முடியாது.

லிண்டன் ஜான்சன் 1963 நவம்பரில், கென்னடி சுடப்பட்ட அன்றே குடியரசுத் தலைவர் ஆனார். 1964 ஜனவரியில் 'வறுமை மீது போர்' என்று அறிவித்தார். அதே ஆண்டு மே மாதம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேசும்போது தன் திட்டம் முழுவதுக்கும் 'மகத்தான சமுதாயம்' என்று பெயர் சூட்டினார். அடுத்த நாலு வருஷத்தில் சிவில் உரிமை, வாக்குரிமை, பள்ளிக் கல்வி, முதியோர் மருத்துவம், ஏழைகள் மருத்துவம், உணவுக் கூப்பன், வீட்டு வசதி என்று சட்டங்கள் மளமளவென்று வந்தன. அமெரிக்காவின் மத்திய அரசு, மக்களோட அடுப்படி வரைக்கும் வந்தது அந்த நாலு வருஷத்துலதான்.

வலதுசாரிகள் இதைப் பற்றிச் சொல்றது உங்களுக்குத் தெரியும்: அரசாங்கம் ஊதிப்போச்சு, வரிப்பணம் பாழ், சோம்பேறிகளை வளர்த்தாங்க. வறுமை மேல போர் தொடுத்தோம், வறுமைதான் ஜெயிச்சதுன்னு ரீகன் 1988ல் நக்கலடித்தார். இடதுசாரிகளில் ஒரு பகுதியினர் வேறு மாதிரி சொல்வார்கள்: போராட்டத்தைக் காசு கொடுத்து அடக்கிவிட்டார்கள் என்று. ரெண்டு தரப்பும் கேட்காத ஒரு கேள்வி இருக்கு. வாஷிங்டன்ல கிளம்பின பணம் யார் கை வழியா ஊருக்குள்ள வந்தது? நான் இன்றைக்குப் பேசப்போவது அந்தப் பட்டுவாடாவைப் பற்றி மட்டும்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அமெரிக்காவில் 'பெரிய அரசாங்கம்' ஜான்சன் காலத்தில் பிறந்தது அல்ல. 1930களில் ரூஸ்வெல்ட் காலத்திலேயே பெருத்துவிட்டது. 1935ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதுமைக்கு ஓய்வூதியம், வேலை போனால் உதவித்தொகை. ஆனா விவசாயக் கூலிகளுக்கும் வீட்டுவேலை செய்றவங்களுக்கும் கிடையாது. 1938ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதிலும் இந்த இரண்டு பிரிவும் வெளியே. சட்டத்தில் 'கறுப்பர்' என்ற சொல்லே வராது, கவனிங்க. அன்றைக்குத் தெற்கில் கறுப்பு மக்கள் பிழைத்ததே பருத்திக் காட்டிலும் வெள்ளைக்காரி அடுப்படியிலும்தான். சாதி பேரைச் சொல்லாமலே சாதி பார்க்கிற சட்டம் எப்படி எழுதறதுன்னு நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்ல.

பருத்தி விலை விழாமல் இருக்க, பயிர் செய்யாமல் நிலத்தைப் போட்டு வைத்தால் காசு என்று 1933ல் ஒரு திட்டம் வந்தது. காசு பண்ணை முதலாளி கைக்குப் போனது. வாரத்துக்கு உழுத குடும்பத்துக்குப் பங்கு கொடுக்கணும்னு விதி. பட்டுவாடாவைக் கவனிச்ச உள்ளூர்க் கமிட்டி யாரு? அதே பண்ணை முதலாளிங்க. உழாத நிலத்துக்கு உழவன் எதுக்குன்னு சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குடிசையிலிருந்து வெளியேற்றினாங்க. 1946ல் ஆஸ்பத்திரி கட்ட மத்தியப் பணம் தரும் ஹில்-பர்ட்டன் சட்டம் வந்தது. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனியாகக் கட்டிக்கொள்ளலாம், 'சமமாக' இருந்தால் போதும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அதாவது, சேரியைத் தள்ளி வைக்க வாஷிங்டனே செங்கல் வாங்கிக் கொடுத்தது.

இதையெல்லாம் எழுதி வாங்கியவர்கள் தெற்கத்திச் செனட்டர்கள். கறுப்பு மக்களுக்கு ஓட்டு இல்லை, ஒரே கட்சி, அதனால் அதே ஆள் இருபது முப்பது வருஷம் ஜெயிப்பான். நாடாளுமன்றத்தில் பழைய ஆளுக்குத்தான் கமிட்டித் தலைவர் பதவி. ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்டை எடுத்துக்குவோம். மிசிசிப்பியின் சன்ஃபிளவர் கவுண்டியில் (கவுண்டின்னா நம்ம தாலுகா, ஜில்லா மாதிரி ஒரு அலகு; வேற எதையும் நினைச்சுக்காதீங்க) ஆயிரக்கணக்கான ஏக்கர் பருத்திப் பண்ணை வைத்திருந்தவர். செனட்டின் நீதித்துறைக் கமிட்டித் தலைவர். சிவில் உரிமை மசோதாக்களைத் தூங்க வைப்பதே அந்தக் கமிட்டியின் வேலையாக இருந்தது. மத்திய அரசு எங்க விஷயத்துல தலையிடக் கூடாது, மாநில உரிமை, மாநில உரிமைன்னு வாழ்நாள் முழுக்கக் கத்தின மனுஷன். அவர் பண்ணைக்கு மத்திய அரசின் பருத்தி மானியம் 1960களின் கடைசியில் ஒரே வருஷத்தில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அந்தக் காசு தலையீடு இல்லையாம்!

நமக்கு இங்கே 'மாநில சுயாட்சி' நல்ல வார்த்தை. டெல்லி ஆதிக்கத்துக்கு எதிரான வார்த்தை. அமெரிக்கத் தெற்கில் 'மாநில உரிமை'ன்னா அடிமை வச்சுக்கிற உரிமை, பிறகு பிரிச்சு வைக்கிற உரிமை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதே சமயம், அதிகாரத்தைக் கீழே இறக்கினால் அது தானாகவே ஜனநாயகம் ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள், 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அலகாக வைக்க முடியாது என்று பாபாசாகேப் ஏன் வாதிட்டார் என்பதை ஒருதரம் யோசித்துப் பார்க்கலாம்.

அதே சன்ஃபிளவர் கவுண்டியில் ஒரு பண்ணையில் வேலை பார்த்தவர் ஃபானி லூ ஹேமர். 1962ல் வாக்காளராகப் பதிய முயன்றார் என்பதற்காகப் பதினெட்டு வருஷம் இருந்த பண்ணையை விட்டுத் துரத்தப்பட்டவர். 1964 ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கு, 'மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி' சார்பில் போய், போலீஸ் காவலில் தன்னை அடித்ததைத் தொலைக்காட்சி முன்னால் சொன்னார். அவர் பேசிக்கிட்டிருக்கும்போதே ஜான்சன் அவசரமா ஒரு பத்திரிகையாளர் கூட்டம் வச்சு கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டார். ரெண்டே ரெண்டு இடம் தர்றோம்னாங்க. அந்த அம்மா வேண்டாம்னுட்டாங்க. சிவில் உரிமைச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்துப் போட்டு ரெண்டு மாதம்கூட ஆகல அப்போ. சட்டம் தந்த கையும், கேமராவைத் திருப்பின கையும் ஒரே கைதான். நாடாளுமன்றத்துக்குப் போன 1937லிருந்து இருபது வருஷம் சிவில் உரிமை மசோதாக்களுக்கு எதிராகவே ஓட்டுப் போட்டவரும் அதே ஜான்சன்தான். மனம் மாறினார், டெக்சாஸில் ஏழை மெக்சிகக் குழந்தைகளுக்கு வாத்தியாராக இருந்த நினைவு அவரை உலுக்கியது என்றெல்லாம் வரலாறு எழுதுவார்கள். இருக்கட்டும். 1965 மார்ச் 7ல் செல்மா பாலத்தில் விழுந்த தடியடி இல்லாமல் அந்த மார்ச் மாதமே வாக்குரிமை மசோதா வந்திருக்காது.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்த முழுக் கதையிலும் நாம் உட்கார்ந்து படிக்க வேண்டிய பாடம் இதுதான்.

1965 ஜூலை 30ல் மெடிகேர் சட்டம் கையெழுத்தானது. 65 வயது ஆனவர்களின் ஆஸ்பத்திரிச் செலவை மத்திய அரசே கட்டும். வெள்ளை டாக்டர்களின் பெரிய சங்கம் கடைசி வரை எதிர்த்தது. கறுப்பு டாக்டர்களின் சங்கம் ஆதரித்தது. இதற்கு முந்தின வருஷம் வந்த சிவில் உரிமைச் சட்டத்தில் ஆறாவது பிரிவு என்று ஒன்று உண்டு. மத்திய அரசின் பணத்தை வாங்குகிற எவனும் நிறம் பார்க்கக் கூடாது என்பது அது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்க. தெற்கில் ஆஸ்பத்திரிகள் எப்படி இருந்தன? தனி வாசல், தனி வார்டு, அதுவும் பல இடத்தில் நிலவறையில். பிறந்த குழந்தைக்குக்கூடத் தனி அறை. கறுப்பு டாக்டருக்கு உள்ளே வைத்தியம் பார்க்க அனுமதி கிடையாது. சில இடங்களில் கறுப்பு நோயாளியைச் சேர்க்கவே மாட்டார்கள். கிரீன்ஸ்பரோவில் சிம்கின்ஸ் என்ற கறுப்புப் பல் டாக்டரும் மற்றவர்களும் வழக்குப் போட்டு, ஹில்-பர்ட்டனின் அந்தத் 'தனித்தனி' விதியை 1963ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உடைத்திருந்தார்கள். வழக்கில் ஜெயித்தாலும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாக எத்தனை வருஷம் வழக்காட முடியும்?

1966 தொடக்கத்தில் சுகாதாரத் துறையில் ஓர் அலுவலகம் திறந்தார்கள். ஆள் பத்தாது. மற்றத் துறைகளிலிருந்து கடன் வாங்கி, ஏறக்குறைய ஆயிரம் பேரை ஆய்வாளர்களாக்கி ஊர் ஊராக அனுப்பினார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் ரொம்பச் சின்னவை. வாசல் ஒண்ணா ரெண்டா? காத்திருக்கும் அறை? ஒரே ரூமுக்குள்ள ரெண்டு நிறமும் படுத்திருக்கா? கறுப்பு டாக்டர் எத்தனை பேர்? சரியான பதில் இல்லையென்றால் ஜூலை 1 முதல் வரும் மெடிகேர் பணம் கிடையாது. சில ஆஸ்பத்திரிகள் ஆய்வாளர் வரும் நாளுக்கு மட்டும் படுக்கைகளை மாற்றிப் போட்டு நாடகம் ஆடின. அது பலிக்காமல் போனதற்குக் காரணம் அங்கே வேலை பார்த்த கறுப்பு நர்சுகள், ஆயாக்கள், துப்புரவுத் தொழிலாளர்கள். ராத்திரியில் ஆய்வாளர்களைப் பார்த்து உண்மை நிலவரத்தைச் சொன்னார்கள். உள்ளூர் இயக்கக்காரர்கள் புகார் எழுதினார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆஸ்பத்திரிகள் நாலே மாதத்தில் சுவரை எடுத்தன. பள்ளிக்கூடங்களில் 1954 தீர்ப்புக்குப் பிறகு பத்து வருஷம் ஆகியும் தெற்கில் நூற்றுக்கு ஒன்றிரண்டு கறுப்புக் குழந்தைகள்தான் வெள்ளைக் குழந்தைகளோடு படித்தார்கள். இங்கே நாலு மாசம்!

அதன் பிறகு மிசிசிப்பியில் பேதியிலும் நிமோனியாவிலும் செத்துக்கொண்டிருந்த கறுப்புக் கைக்குழந்தைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது. மெடிகேர் கிழவர்களுக்கான சட்டம், பிழைத்தது குழந்தைகளும்தான். கதவு திறந்ததுதான் காரணம்.

இதுல ஓட்டையும் இருந்தது, சொல்லிடறேன். டாக்டர்கள் தனியாக நடத்தும் கிளினிக்குக்கு ஆறாவது பிரிவு பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள். அதனால் கிளினிக்குகளில் இரண்டு காத்திருப்பு அறைகள் ரொம்ப காலம் நீடித்தன. முதியோர் விடுதிகளையும் அவ்வளவாகத் தொடவில்லை. இன்னொரு பக்கம், கறுப்பு மக்கள் தாங்களே காசு சேர்த்துக் கட்டிய ஆஸ்பத்திரிகள் நோயாளிகளை இழந்தன. மவுண்ட் பாயூ ஊரில் 1942ல் ஒரு சகோதரச் சங்கம் கட்டிய தபோரியன் ஆஸ்பத்திரி 1983ல் மூடப்பட்டது. கறுப்பு டாக்டர் தலைமை தாங்கிய இடங்கள் போய், வெள்ளை நிர்வாகத்தில் கறுப்பர் நோயாளியாக மட்டும் இருக்கும் இடங்கள் மிஞ்சின. ஒருங்கிணைப்பின் கணக்கில் இந்தச் செலவையும் எழுத வேண்டும்.

வாக்குரிமைச் சட்டத்திலும் சூட்சுமம் இதேதான். உள்ளூர் குமாஸ்தாவிடமிருந்து பதிவேட்டைப் பிடுங்கி, மத்தியப் பதிவாளர்களை அனுப்பியது. மிசிசிப்பியில் 100 கறுப்பு வாக்காளர்களுக்கு 7 பேர்கூடப் பதிவில் இல்லை என்றிருந்தது. 1967ல் 60 பேரை நெருங்கியது. பள்ளிகளும் 1965 கல்விச் சட்டத்தின் பணம் நின்றுவிடும் என்ற பயமும் புதிய தீர்ப்புகளும் வந்த பிறகுதான் அசைந்தன.

அடுத்தது ஹெட் ஸ்டார்ட், நம்ம பால்வாடி மாதிரி. 1964ன் பொருளாதார வாய்ப்புச் சட்டத்தில், ஏழைகள் திட்டத்தை நடத்துவதில் 'இயன்ற அளவு உச்சமாகப் பங்கேற்க வேண்டும்' என்று ஒரு வாசகம். போட்டவங்களே அதை அவ்வளவு நினைச்சுப் போட்டிருப்பாங்களான்னு சந்தேகம்தான். மிசிசிப்பி ஆட்கள் அதை எழுத்து எழுத்தா எடுத்துக்கிட்டாங்க. 'மிசிசிப்பி குழந்தை வளர்ச்சிக் குழு' என்று ஒன்று உருவானது. கவர்னர் தடுக்க முடியாதபடி, ஒரு கறுப்புக் கல்லூரி வழியாகப் பணம் வாங்கினார்கள். கல்லூரிக்குப் போகும் பணத்தைத் தடுக்கக் கவர்னருக்கு அதிகாரம் கிடையாது. 1965 கோடையில் 80க்கும் மேற்பட்ட மையங்கள், ஏறக்குறைய 6000 குழந்தைகள். டீச்சர் யாரு? வீட்டுவேலை செய்தவங்க, பருத்தி பறிச்சவங்க, ஓட்டுப் பதியப் போனதால வேலையை விட்டு நிறுத்தப்பட்டவங்க. நாள் முழுக்கக் களை எடுத்தா 3 டாலர் கிடைச்ச ஊர்ல, வெள்ளைக்காரன் நிறுத்த முடியாத சம்பளம். பண்ணை முதலாளிகளுக்கு வயித்தெரிச்சல் குழந்தைங்க பாட்டுப் பாடறதுல இல்ல, இந்தச் சம்பளத்துலதான்.

சிலுவையைக் கொளுத்தினார்கள், மையங்கள் மேல் சுட்டார்கள். செனட்டர் ஸ்டென்னிஸ் கணக்கில் ஓட்டை தேடினார். பணம் தாமதமானபோது 1966 பிப்ரவரியில் நாற்பதுக்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளைப் பஸ்ஸில் ஏற்றி வாஷிங்டன் கூட்டிப்போய் நாடாளுமன்றக் கமிட்டி அறையிலேயே வகுப்பு நடத்தினார்கள். பணம் வந்தது. ஆனால் ஸ்டென்னிஸ் ராணுவச் செலவுக் கமிட்டிகளில் முக்கியப் புள்ளி. ஜான்சனுக்கு வியட்நாம் போருக்கு அவர் தயவு வேண்டும். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், 'மிதவாதிகள்' அடங்கிய வேறொரு குழுவைப் புதிதாக உண்டாக்கிப் பணத்தை அந்தப் பக்கம் திருப்பினார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பவே ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். சில கவுண்டிகளில் பணமே இல்லாமல், சம்பளமே வாங்காமல் அந்தத் தாய்மார்கள் மையங்களைத் திறந்து வைத்திருந்தார்கள். 1967ல் ஒரு திருத்தம் வந்தது. இந்தச் சமூகச் செயல்பாட்டு அமைப்புகள் உள்ளூர் நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் போகலாம் என்று. பட்டுவாடா மறுபடி மேயர் கைக்கு.

இதன் விளைவைப் பசியில் பார்க்கலாம். 1967 பிப்ரவரியில் குறைந்தபட்சக் கூலி ஒருவழியாகப் பண்ணைக் கூலிகளுக்கும் வந்தது, மணிக்கு 1 டாலர். டெல்டா முதலாளிகள் களைக்கொல்லியையும் அறுவடை இயந்திரத்தையும் இறக்கி ஆட்களை நிறுத்தினார்கள். அதே நேரம் பல கவுண்டிகள் இலவச மாவு, பருப்பு வழங்குவதை நிறுத்திவிட்டு உணவுக் கூப்பனுக்கு மாறின. கூப்பனைக் காசு கொடுத்து வாங்கணும்! கையில் ஒரு காசு இல்லாதவன் என்ன பண்ணுவான்? அந்த விதி 1977 சட்டத்தில்தான் நீங்கியது. மவுண்ட் பாயூவில் வறுமை ஒழிப்பு நிதியில் நடந்த சுகாதார மையத்தில் டாக்டர் ஜாக் கைகர் குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டில் பால், இறைச்சி, காய்கறி என்று எழுதினார். கடைக்காரர் கொடுத்துவிட்டு மையத்துக்குக் கணக்கு அனுப்புவார். மருந்துக்கான நிதியில் இது எப்படி என்று மேலிடம் கேட்டது. பட்டினிக்கு மருத்துவ நூல்படி சிகிச்சை சாப்பாடுதான் என்று அவர் பதில் சொன்னதாக வரலாறு. அந்த வட்டாரத்து மக்கள் பிறகு கூட்டுறவுப் பண்ணை போட்டுத் தாங்களே காய்கறி விளைவித்தார்கள்.

மொத்தக் கணக்கைச் சொல்லிடறேன். 1959ல் கறுப்பு மக்களில் நூற்றுக்கு 55 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே, 1969ல் 32. வறுமைதான் ஜெயிச்சதுன்னு சொல்றவங்க இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். வறுமை ஒழிப்பு அலுவலகத்துக்கு எந்த வருஷமும் 200 கோடி டாலருக்கு மேல் கிடைத்ததில்லை. வியட்நாமுக்கு 1967ல் ஆண்டுக்கு 2000 கோடிக்கு மேல் போனது. கிங் அந்த ஏப்ரலில் நியூயார்க் தேவாலயத்தில் இதைப் பகிரங்கமாகச் சொன்னார். ஜான்சன் அதோடு அவரை ஒதுக்கினார்.

ஒரு சின்னச் செய்தி. வாக்குரிமைச் சட்டம் வந்த ஐந்தாம் நாள் லாஸ் ஏஞ்செல்ஸின் வாட்ஸ் பற்றி எரிந்தது, 34 பேர் செத்தார்கள். வடக்கு, மேற்கு நகரங்களில் ஓட்டு ஏற்கனவே இருந்தது. வேலையும் வீடும்தான் இல்லை, போலீஸ் இருந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஓக்லாண்டில் சிறுத்தைகள் கட்சி உருவானபோது பாபி சீல் வேலை பார்த்தது அரசின் வறுமை ஒழிப்பு மையம் ஒன்றில். அவரும் ஹூயி நியூட்டனும் பத்து அம்சத் திட்டத்தை எழுதியது அந்த ஆபீசில்தான். 1972ல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்ட பெயர், அங்கிருந்து நம்ம ஊர்ச் சுவர் வரை வந்த பெயர், ஒருவகையில் ஜான்சன் அரசின் காகிதத்தில் எழுதப்பட்டது!

பிறகு நடந்தது தெரிந்ததுதான். 1981ல் ரீகன் பல திட்டங்களை ஒன்றாக மூட்டை கட்டி, மாநிலங்களே பிரித்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தார். 2013ல் உச்ச நீதிமன்றம் வாக்குரிமைச் சட்டத்தின் முன்அனுமதி விதியைச் செயலிழக்கச் செய்தது. மத்திய அரசின் ஒப்பந்தக்காரர்கள் வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு கூடாது என்று ஜான்சன் 1965 செப்டம்பரில் போட்ட ஆணையை 2025 ஜனவரியில் டிரம்ப் ஒரே கையெழுத்தில் ரத்து செய்தார். அறுபது வருஷம் நின்ன ஆணை. சட்டமாக்காமல் ஆணையாக விட்டதன் விலை அது.

ஏழைகளுக்கான மெடிகெய்ட், மெடிகேர் மாதிரி வாஷிங்டன் நேரடியாக நடத்துவது அல்ல. மாநிலங்கள் கையில் விடப்பட்டது. 2010 சட்டம் அதைக் கூடுதல் ஏழைகளுக்கு விரித்தது. விரிப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம் என்று 2012ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரித்தால் செலவில் நூற்றுக்கு 90 வாஷிங்டன் தரும். 2025லும் பத்து மாநிலங்கள் அந்தப் பணத்தை வாங்க மறுத்தன. அலபாமா, ஜார்ஜியா, தென் கரோலினா, மிசிசிப்பி அந்தப் பட்டியலில் இருக்கு. பருத்தி மானியத்தை மட்டும் யாரும் திருப்பி அனுப்பல.

கேள்விகள் இருந்தா கேளுங்க.